சாதுவான பீகிள் குட்டி என்று நம்பி 2,800 மலேசிய வெள்ளியைப் பறிகொடுத்தேன்

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சாதுவான வேட்டை நாய்க்குட்டி தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் வாங்கிய குட்டி நேற்று மாலை கிளினிக்கில் இறந்துவிட்டது. தரையைக் கழுவிக் கழுவி என் கையில் இன்னும் பிளீச் நாற்றம் போகவில்லை. எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நான் ஏமாந்த கதை.

வேட்டை நாய் எதற்கு என்று கேட்பீர்கள். என் தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு நாய்களோடு காட்டுப்பன்றி விரட்டப் போவார். பன்றியிடம் அவ்வளவு மூர்க்கமாக இருக்கும் அந்த நாய்கள், நாங்கள் வாலைப் பிடித்து இழுத்தால் பெருமூச்சு விட்டு எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஊரில் இருந்த சிப்பிப்பாறை, ராஜபாளையம் பற்றியெல்லாம் தாத்தா கதை கதையாகச் சொல்வார். என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கும் அப்படி ஒரு துணை வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுக்குத் தரைவீடு. காரை நிறுத்தினால் வாசலில் நான்கடி மிஞ்சும். அங்கே ராஜபாளையத்தைக் கட்டிப்போடுவது பாவம். அதனால்தான் பீகிள். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக வைத்து வளர்த்த இனம் என்பதால் மற்ற நாய்களோடும் மனிதர்களோடும் சண்டையில்லாமல் இருக்கும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பைகளை மோப்பம் பிடிக்க 1984 முதல் பீகிள்களை வைத்திருப்பதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம்; அவற்றைப் பார்த்து யாரும் மிரளுவதில்லை. இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்ட எனக்கு விற்பவனை மட்டும் படிக்கத் தெரியவில்லை.

செல்லப்பிராணி விளம்பரங்களுக்கென்றே இருக்கும் ஒரு தளம். பெயர் சொல்லப்போவதில்லை. 'மூன்று மாத ஆண் குட்டி, இரண்டு தடுப்பூசி முடிந்தது, குழந்தைகளோடு பழகியது, குரைக்கவே குரைக்காது, 2,800 வெள்ளி.' பச்சைத் துண்டின்மேல் குட்டி தூங்கும் வீடியோ. குரைக்காத பீகிள் என்றதுமே நான் விழித்திருக்க வேண்டும். புதருக்குள் ஓடும் நாயின் குரலைக் கேட்டுத்தான் வேட்டைக்காரன் பின்னால் நடந்து போவான். நன்றாகக் கத்தட்டும் என்றே வளர்த்த இனம் அது.

ஞாயிறு இரவு பேசினேன். நம்மவன். வாய்க்கு வாய் அக்கா. அவன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை, என்னைத்தான் விசாரித்தான். "அக்கா, உங்கள் வேலி எவ்வளவு உயரம்? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? பையன் நாயை அடிப்பானா? பக்கத்து வீட்டார் ஒன்றும் சொல்ல மாட்டார்களே?" பிறகு, "எல்லாருக்கும் கொடுக்க மாட்டேன் அக்கா. போன வாரம் ஒருவர் 3,500 தருகிறேன் என்றார், அவர் முகம் பிடிக்கவில்லை, மறுத்துவிட்டேன்" என்றான். நான் இரவு ஒன்பது மணிக்கு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வேலியை அளந்து படம் எடுத்து அனுப்பினேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன் காபித் தட்டோடு நிற்பவளைப் போல, எங்களைப் பிடிக்க வேண்டுமே என்று நின்றேன். நாற்பது நிமிடம் பேசியதில் நான் அவனிடம் உருப்படியாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சரி அக்கா, உங்களுக்குத்தான்" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் "நேரில் பார்த்துவிட்டு அனுப்பு" என்றார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவனைச் சந்தேகிக்கிறீர்களே என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு 2,800 வெள்ளியை அனுப்பினேன். கணக்கில் ஒரு பெண் பெயர் இருந்தது. மாமியார் கணக்காம்.

தாய் நாயைப் பார்க்கலாமா என்று மறுநாள் கேட்டதற்கு, அது ஈப்போவில் இருக்கிறது என்றான். செவ்வாய் இரவு ரவாங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு வரச் சொன்னான். அவனும் வரவில்லை. வேறொரு பையன் காய்கறிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேன் என்ஜினைக்கூட அணைக்காமல் போய்விட்டான். குட்டி என் முழங்கை மடிப்பில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. துள்ளல் இல்லை, கடி இல்லை. நாய் என்றாலே பத்தடி தள்ளி நிற்கும் என் மாமியார்கூட "என்ன சாதுவான பிள்ளை" என்று தடவிக்கொடுத்தார். மகன் மைலோ என்று பெயர் வைத்தான்.

வியாழன் விடியற்காலை வாந்தி. பத்து மணிக்கெல்லாம் வயிற்றுப்போக்கில் ரத்தம். கிளினிக்கில் சோதித்ததும் பார்வோ என்று தெரிந்தது, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் வைரஸ் தொற்று. மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். பின்பக்கத்துப் பாற்பற்களே இன்னும் முழுதாக வரவில்லை, ஆறு வாரம் இருந்தால் அதிகம் என்றார். தடுப்பூசி அட்டையில் முதல் ஊசி போட்டதாக எழுதியிருந்த தேதியில் இந்தக் குட்டி பிறந்தே இருக்காது. தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருக்கிறது என்று விற்றவன் சொல்லியிருந்தான். கருவியைத் தலை முதல் வால் வரை ஓட்டியும் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் இரண்டு நாளாக நல்ல குணம், நல்ல குணம் என்று மெச்சிக்கொண்டிருந்தோமே, அது காய்ச்சல்.

அவனை அழைத்தேன். "பால் கொடுத்தீர்களா அக்கா?" இல்லை. "குளிப்பாட்டியிருப்பீர்கள்." இல்லை. "அப்படியென்றால் உங்கள் வீட்டில்தான் கிருமி இருக்கிறது." எங்கள் வீட்டில் இதற்கு முன் நாயே இருந்ததில்லை. பார்வோ தொற்றினால் அறிகுறி தெரியவே பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். எங்களிடம் வந்து இரண்டு இரவுகூட முழுதாக முடியவில்லை. அதைச் சொன்னதும் "துக்க வீட்டில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்றான். வெள்ளிக்கிழமையும் துக்க வீடு. சனிக்கிழமை அவன் படம் மறைந்துவிட்டது, என் எண்ணைத் தடுத்துவிட்டான். 2,800 வெள்ளி அவனிடம், குட்டி குளுக்கோஸ் குழாயோடு என்னிடம். கிளினிக் செலவு 1,450.

அந்தத் தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே பதில்: விளம்பரத்துக்கு இடம் தருவதோடு எங்கள் வேலை முடிந்தது. பண மோசடிகளைப் புகார் செய்யும் 997 எண்ணுக்கு இன்றுதான் அழைத்தேன். பணம் போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது, உடனே அழைத்திருக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குத் தொடுக்கலாம் என்று தோழி சொன்னாள், படிவத்தையும் எடுத்துவிட்டேன். எதிராளியின் முகவரி என்ற இடத்தில் பேனா நிற்கிறது. எனக்குத் தெரிந்தது ரவாங்கில் ஒரு பெட்ரோல் நிலையம்தான்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். உட்கார்ந்து எழுத மனமில்லை, அவசரமாக இவ்வளவுதான். தாய் நாயை, அது வாழும் இடத்திலேயே போய்ப் பார்க்காமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். தூங்கும் குட்டியை வைத்துக் குணத்தை எடைபோடாதீர்கள். கூடப்பிறந்தவற்றோடு விளையாடும்போது பாருங்கள். விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. மலேசியக் கென்னல் சங்கத்தின் இனச் சான்றிதழ் பிறகு வரும் என்றால் வராது. என்னைப் போல் பார்வோவில் குட்டியை இழந்தவர்கள் உடனே இன்னொன்றைக் கொண்டுவராதீர்கள், அந்தக் கிருமி மாதக்கணக்கில் வீட்டில் கிடக்கும். தரையைக் கழுவ ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர்.

இன்று காலை அதே விளம்பரம் வேறு எண்ணோடு மறுபடி வந்திருக்கிறது. விலை 2,600. அதே பச்சைத் துண்டு, பின்னால் வெள்ளை மேசை விசிறி. உங்கள் வேலி எவ்வளவு உயரம் என்று முதல் கேள்வி வந்தால் போனை வைத்துவிடுங்கள்.