ஸ்ட்ராப்லெஸ் கவுனா, லேஸ் மேலாடையா, வெள்ளைப் பட்டா?

கிருஷ்ணகிரியில் பதினாறு வருடங்களாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எலத்தகிரி, கந்திகுப்பம் பக்கமிருந்தும், தருமபுரி கோவிலூரிலிருந்தும் கிறிஸ்தவ மணப்பெண்கள் வருகிறார்கள். முன்பெல்லாம் வெள்ளைப் பட்டுக்கு ஜாக்கெட் தைக்கத்தான் வருவார்கள். இப்போது செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, தோளில் பட்டியே இல்லாத இந்தக் கவுன் எனக்கு நிற்குமா?" என்று கேட்கிறார்கள். உடன் வரும் அம்மாவின் கேள்வி வேறு: "கோவிலுக்குள் தோள் தெரியப் போகலாமா?" இரண்டுக்குமே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், நிற்குமா என்பது. ஸ்ட்ராப்லெஸ் கவுனை மார்பு தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். தாங்குவது இடுப்பு. கவுனைப் புரட்டி உள்பக்கம் பாருங்கள். நல்ல கவுனில் லைனிங்குக்குள் ஒரு தனி உள்ளாடையே இருக்கும். அதில் மார்பிலிருந்து இடுப்பு வரை ஸ்டீல் பட்டைகளோ பிளாஸ்டிக் பட்டைகளோ வரிசையாகச் செருகியிருக்கும். இடுப்பின் மிக ஒடுங்கிய இடத்தில் ஒரு அங்குல அகலத்தில், இழுத்தால் நீளாத நாடா ஒன்று தனியாகச் சுற்றி ஹூக் மாட்டும்படி இருக்கும். பாவாடையின் மொத்தக் கனமும் அந்த நாடாவில்தான் தொங்குகிறது. அது இல்லையென்றால் கனம் மேல்பகுதியைக் கீழே இழுக்கும். எவ்வளவு இறுக்கி ஜிப் போட்டாலும் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும்.

இதைக் கண்ணால் பார்த்தேன். பெங்களூரில் வாடகைக்கு எடுத்த கவுனோடு ஒரு பெண் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்தாள். இடுப்பில் இரண்டு அங்குலம் தளர்வு, உள்ளே நாடா கிடையாது. வாடகைக் கவுனைப் பிரித்துத் தைக்கக் கூடாது என்று நிபந்தனை. ஊசி குத்தித்தான் அனுப்ப முடிந்தது. பூசை முழுவதும் அவள் இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு கவுனைப் பிடித்திருந்தாள். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூடத் தோள் நிமிர்ந்து இல்லை. அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மேல் ஓரத்தில் ஒட்டுகிற சிலிக்கான் பட்டையை நம்பாதீர்கள். தவக்காலத்தில் திருமணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் முடிந்ததும், ஏப்ரல் மே வெயிலில்தான் நம் பக்கம் கல்யாணங்கள் குவிகின்றன. வியர்வை, பவுடர், தேங்காய் எண்ணெய் எது பட்டாலும் சிலிக்கான் வழுக்கும்.

நம் சடங்குக்கும் இந்தக் கவுனுக்கும் இடையே சில உரசல்கள் உண்டு. மாலை மாற்றக் கைகளைத் தூக்கும்போதுதான் மேல்பகுதி இறங்கும். ரோஜா மாலையின் ஈர நார் வெறும் தோளில் அறுக்கும், சாட்டினில் சொட்டும். மஞ்சள் கயிற்றில் தாலி கட்டும் குடும்பமென்றால் கயிறு நேராகக் கவுனின் மேல் ஓரத்தில் வந்து படும். வியர்வையோடு மஞ்சள் வெள்ளை சாட்டினில் ஏறினால் போகாது. ஜாக்கெட் கைக்குக் கீழே வெயில் பட்டுக் கறுத்த கோடும், சிறு வயதில் தடுப்பூசி போட்ட தழும்பும் படத்தில் தெரியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆல்பம் வந்த பிறகு அழுவதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

இரண்டாவது வழி, அதே ஸ்ட்ராப்லெஸ் கவுனுக்கு மேலே கழற்றிப் போடுகிற லேஸ் மேலாடை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோவிலுக்குள் தோளும் முதுகும் மூடியிருக்கும், மாலை உறுத்தாது, தாலிக் கயிறு லேஸின் மேல் விழும். மண்டபத்துக்குப் போனதும் கழற்றிவிட்டு அவள் ஆசைப்பட்ட கவுனோடு மேடையேறலாம். ஒன்றைக் கவனியுங்கள்: அக்குளைக் கொஞ்சம் தாராளமாக வெட்டச் சொல்லுங்கள். பிடித்துத் தைத்தால் கையைத் தூக்கும்போது கவுனையும் சேர்த்து இழுக்கும். மேலாடை இருக்கிறதே என்று உள்நாடாவை விட்டுவிடவும் கூடாது.

தோல் நிற வலையைக் கழுத்து வரை வைத்துத் தைப்பது மூன்றாவது. நம் நிறத்துக்குப் பொருந்தும் வலை எளிதில் கிடைப்பதில்லை. வெளுத்த வலை கழுத்தில் கட்டுப் போட்டது போலத் தெரியும். நான் பரிந்துரைப்பதில்லை.

வெள்ளைப் பட்டுச் சேலையைப் பற்றிச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மண்டியிட, எழ, படியேற, சாப்பிட எதற்கும் அது தடை செய்யாது. கவுனை மறுபடி கட்ட நாள் வராது. பட்டுச் சேலையை முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் கட்டலாம். ஆனால் கவுன் மேல் உயிராக இருக்கும் பெண்ணிடம் "இது நம் வழக்கமில்லை" என்று சொல்லிச் சேலையைத் திணிக்காதீர்கள். மணமகளுக்கு வெள்ளை என்ற வழக்கமே 1840இல் விக்டோரியா ராணியின் திருமணத்துக்குப் பிறகு பரவியதுதான். அவர் அன்று உடுத்திய கவுனும் தோள் திறந்தது.

தோள் மூட வேண்டுமா என்பதைத் துணி வாங்கும் முன்பே பங்குத்தந்தையிடம் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒரு மாதிரி. ஸ்ட்ராப்லெஸ்தான் என்று முடிவானால் தைக்க இரண்டு மாதம் கொடுங்கள், மூன்று முறையாவது போட்டுப் பார்க்க வாருங்கள். கடைசி முறை வரும்போது அன்று போடப்போகும் செருப்பையும் உள்ளாடையையும் கொண்டு வாருங்கள். கவுனை மாட்டி, கைகளை மேலே தூக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மண்டியிட்டு எழுந்து, ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொல்வேன். அதற்குள் ஒரு தடவை கை மேல் ஓரத்தை இழுத்துவிடப் போனாலும் இடுப்பை மறுபடி பிரித்துத்தான் தைப்பேன்.