காவிரி டெல்டாவில் நெபுலா படம்: 135 லென்ஸும் ஸ்டார் டிராக்கரும், சில வருட அனுபவம்

நெபுலா, அதாவது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசி முகில், அதைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்பதைத்தான். டெல்டாக்காரர் யாராவது கேட்டால், இப்போதைக்குத் தொலைநோக்கியே வேண்டாம் என்றுதான் சொல்வேன். பட்டுக்கோட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பழைய கேனான் 600டி, சாம்யாங் 135 எம்.எம். எஃப்/2 லென்ஸ், வானம் நகரும் வேகத்திலேயே கேமராவைத் திருப்பும் சின்ன ஸ்டார் டிராக்கர், கனமான டிரைபாட். சில வருடங்களாக இவ்வளவுதான் என் சாமான்.

நெபுலாக்கள் நாம் நினைப்பதைவிடப் பெரியவை. முழு நிலா வானத்தில் அரை டிகிரி அகலம். ஓரியன் நெபுலா ஒரு டிகிரிக்கும் மேல். இந்தக் கேமராவில் 135 லென்ஸ் போட்டால் ஏறக்குறைய 9 டிகிரிக்கு 6 டிகிரி வானம் விழும். திருவாதிரைக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள், அவற்றின் கீழ்முனையில் குதிரைத்தலை நெபுலா, அதற்கும் கீழே ஓரியன் நெபுலா, எல்லாம் ஒரே ஃபிரேமில் அடங்கிவிடும். ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படம் பிடித்தவர் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பரில். அதற்கு 51 நிமிடம் எக்ஸ்போஷர் கொடுத்தார். இன்று ஒரு நிமிடம் கொடுத்தாலே கேமராவின் பின்திரையில் அது நிறத்தோடு வந்து நிற்கிறது. ஒருமுறை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது நெசமாவே மேல இருக்கா தம்பி?" என்று கேட்டு வெகுநேரம் அண்ணாந்தே நின்றார்.

கேமராவில் ஒரு வேலை செய்தாக வேண்டும். நெபுலாவின் சிவப்பு ஹைட்ரஜனிலிருந்து 656.3 நானோமீட்டரில் வரும் ஒளி. சாதாரணக் கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அந்த ஃபில்டரைக் கழற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றிய பிறகு பகல் படங்கள் சிவப்பாகத்தான் வரும். அதனால் வீட்டு விசேஷத்துக்கு எடுத்துப்போகும் கேமராவைக் கொடுக்காமல், இதற்கென்று பழையது ஒன்று வாங்குவதே நல்லது.

அடுத்து டிராக்கர். வானம் ஒரு நொடிக்கு 15 ஆர்க் நொடி நகர்கிறது (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க் நொடி). டிராக்கர் இல்லாவிட்டால் இந்த லென்ஸில் நட்சத்திரம் அரை நொடிக்குள் ஒரு பிக்சலைத் தாண்டிவிடும். டிராக்கரின் அச்சு வானத் துருவத்தை, அதாவது வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுவதுபோல் தெரிகிறதோ அதை, நோக்கி இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் எல்லாம் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வையுங்கள் என்கின்றன. அது ஐரோப்பாவில் இருப்பவருக்கு எளிது. நமக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்து, பதினோரு டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வடக்கே தென்னை இருந்தால் மறைந்துவிடும், வெளி இருந்தாலும் கடைத்தெரு வெளிச்சத்திலும் புழுக்கத்திலும் மங்கிவிடும். நான் அதை நம்புவதில்லை. கைப்பேசிச் செயலியில் சாய்வை 10.5 டிகிரிக்கு வைத்து, திசைகாட்டியில் வடக்கைத் தோராயமாகப் பிடிப்பேன். அப்புறம் அந்த மூன்று நட்சத்திரங்களில் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் மின்டாகா உச்சிக்கு வரும்போது சில நிமிடம் தொடர்ந்து படம் எடுப்பேன். அது வான நடுக்கோட்டின் (இரண்டு துருவங்களுக்கும் நடுவே ஓடும் கோடு) மேலேயே இருக்கிறது என்று சொல்லலாம். படத்தில் வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்தால் அச்சைக் கிழக்கு மேற்காகத் திருத்த வேண்டும். கிழக்கே தாழ்வாக இருக்கும் ஒரு நட்சத்திரத்தை வைத்து இதையே செய்தால் சாய்வும் சரியாகிவிடும். பழகிவிட்டால் கால் மணி நேர வேலை.

நம் அட்சரேகைக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டிருப்பதால் கேமராவின் பாரம் டிரைபாடின் நடுவில் விழாமல் ஒரு பக்கமாக இழுக்கும், சில நிலைகளில் எதிர் எடை காலிலும் இடிக்கும். டிரைபாடின் ஒரு காலை நேராக வடக்கே நீட்டி வைத்து, நடுக்கொக்கியில் மணல் பை தொங்கவிட்டால் ஆடாது. வரப்பு மண் இளகும் என்பதால் நெல் காயப்போடும் சிமெண்ட் களம்தான் எனக்குத் தோதான இடம்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. டெல்டாவில் உண்மையான எதிரி ஈரம். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளிலேயே பனியும் கொட்டும், நடவு வயலைச் சுற்றி இன்னும் அதிகம். லென்ஸின் முன்கண்ணாடி மங்குவது கண்ணுக்கு உடனே தெரியாது. முதலில் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய வட்டம் வரும், பிறகு படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். அதற்கு லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை இருக்கிறது, பவர் பேங்கில் ஓடும். பனி விழுவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். லென்ஸ் சூடேறி அடங்கிய பிறகுதான் ஃபோகஸ் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். நான் வாங்கியதிலேயே விலைக்கு மேல் பயன் தந்தது இந்தப் பட்டைதான்.

ஈரம் வீட்டுக்குள்ளும் விடாது. லென்ஸின் உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்வது நம் பக்கத்தில் சகஜம். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று, இவை போதும். ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டி உலர்த்திக்கொள்ளலாம். அரிசி டப்பாவில் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், தவிட்டுத் தூசி லென்ஸுக்கு ஆகாது. களத்திலிருந்து கொண்டுவந்ததும் அப்படியே மூடி வைக்காமல், துடைத்து நன்றாக உலர்ந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, அதனால் அந்த மாதங்களை மறந்துவிடுவதே நிம்மதி. பொங்கலை ஒட்டி இரவு பத்து மணிக்கு ஓரியன் நெபுலா உச்சத்தில் இருக்கும். அதே நாட்களில் சம்பா அறுவடையும் தொடங்கிவிடும். அறுப்பு மெஷினின் விளக்கு ஒன்று திரும்பினால் ஒரு ஃபிரேம் போய்விடும், ஆனால் அறுவடைக்கு முன்னால் நம் படம் ஒன்றும் பெரிதில்லை, ஒதுங்கி நிற்பதுதான் முறை. சித்திரை பிறக்கும்போது விடிகாலை நாலரைக்கு லகூன் நெபுலா தெற்கே நன்றாக ஏறியிருக்கும். ஆனால் வெயில் காலத்தில் இரவும் சூடுதான். சென்சார் சூடேறினால் படத்தில் நிறப்புள்ளிகள் பெருகும். அந்தப் புள்ளிகளைக் கழிக்க, மூடி போட்டு எடுக்கும் டார்க் ஃபிரேம்களை அன்றைய இரவிலேயே எடுக்க வேண்டும், தை மாதத்து டார்க் சித்திரைக்கு உதவாது. லென்ஸின் ஓர இருட்டையும் தூசி நிழலையும் சரிசெய்ய உதவும் ஃபிளாட் படம் எடுக்க வெள்ளை வேட்டியை மடித்து லென்ஸில் போர்த்தி, விடிந்த வானத்தைப் பார்த்து எடுத்தால் போதும். பிறகு எல்லாவற்றையும் சிரில் என்ற இலவச மென்பொருளில் ஒரே படமாக அடுக்குகிறேன். நூறு ஃபிரேம் அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள், பத்தில் ஒன்றாகக் குறையும்.

ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஒளியை மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டரும் வைத்திருக்கிறேன். தெருவுக்குத் தெரு வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகு மொட்டை மாடியில் அது இல்லாமல் முடியாது. ஆனால் கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல முகில் நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான், அதற்கு இந்த ஃபில்டர் பயன்படாது. இருட்டுக்குத்தான் போக வேண்டும்.

நம் ஊரின் பெரும் வரம் தென்வானம். வாணியம்பாடிப் பக்கம் காவலூர் வான் ஆய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் இதே வசதி உண்டு. கரீனா நெபுலா டெல்லியில் அடிவானத்தை ஒட்டி எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும். நமக்கு 20 டிகிரி ஏறுகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு பத்து மணிக்கு நேர் தெற்கில் நிற்கும், 15 டிகிரிக்கு மேல் நாலு மணி நேரத்துக்கும் அதிகமாக இருக்கும். கண்ணுக்கே மங்கலான புகையாகத் தெரியும். படத்தில் சிவப்பு முகிலை வி வடிவத்தில் ஒரு கருந்தூசிப் பட்டை பிளந்துகொண்டு போவது துல்லியமாக விழும். எங்கள் ஊரின் தெற்கு வெளி திறந்தது 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்பைச் சாய்த்தபோது. அதை எனக்குக் கிடைத்த வசதி என்று சொல்ல வாய் வரவில்லை, தோப்புக்காரர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன். புதிதாக வைத்த கன்றுகள் இப்போது உயர்ந்துவருகின்றன. அவை மறைத்தால் முத்துப்பேட்டைப் பக்கம் போய்க்கொள்ளலாம். இந்தப் பங்குனியில் எடுக்கப்போகும் கரீனா ஃபிரேம்களையும் முந்தைய வருடங்களில் சேர்த்தவற்றோடு ஒன்றாக அடுக்கப் போகிறேன்.