சப்புமல் பவுண்டேஷன்: கற்பனைக்குக் கூரை போட்ட வீடு

பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் புத்தக அட்டைகளுக்கு ஓவியம் வரைந்து வருகிறேன். அதற்கு முன்னர் கொழும்பிலுள்ள ஒரு விளம்பர நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு இடங்களிலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "இதெல்லாம் உங்களுக்கு எங்கேயிருந்துதான் தோன்றுகிறது?" என்பது. அதற்கு அடுத்தபடியாகக் கேட்கப்பட்டது, "நாளைக் காலைக்குள் தர முடியுமா?" என்பது. ஒரே ஆள் ஒரே தொலைபேசி அழைப்பில் இரண்டையும் கேட்டதும் உண்டு. கடந்த மழைக்காலத்தில், ஒப்புக்கொண்ட இரண்டு அட்டைகளும் மேசையில் கிடக்க, மூன்று வாரங்கள் ஒரு கோடுகூட வராமல் உட்கார்ந்திருந்தபோது, நண்பர் ஒருவர் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸிலுள்ள சப்புமல் பவுண்டேஷன் என்ற ஓவியச் சேகரிப்பு வீட்டுக்குப் போய்வரச் சொன்னார். போனேன். அதன் பின்னர் மேலும் மூன்று தடவை போயிருக்கிறேன். அந்த நான்கு தடவையும் பார்த்ததையும் யோசித்ததையும் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து போகிறவர்களுக்கு வழி சுலபம். காலி வீதியில் 154 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் பம்பலப்பிட்டி, பௌத்தாலோக மாவத்தை வழியாகப் பொரளைக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து நடக்கலாம், அல்லது ஓட்டோ பிடிக்கலாம். கொழும்பு 7இன் பெரிய மதில்களுக்கும் தூதரகக் காவலாளிகளுக்கும் நடுவே இந்த வீடு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை; முதல் தடவை நான் அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். "சப்புமல்" என்றதும் நமக்கு, பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் யாழ்ப்பாணத்தைப் பிடித்த சப்புமல் குமாரயன், அதாவது செண்பகப் பெருமாள், ஞாபகத்துக்கு வந்து முகம் சற்றே சுருங்கலாம். இங்கே அதைச் செண்பகப்பூ என்று மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

உள்ளே இருப்பது ஓர் அருங்காட்சியகம் என்பதைவிட, ஆள் வாழ்ந்து முடித்த வீடு என்பதே பொருத்தமாக இருக்கும். ஓட்டுக் கூரை, ஒன்றிலிருந்து ஒன்றாகத் திறந்துகொண்டு போகும் அறைகள், சுவர் கண்ட இடமெல்லாம் படங்கள். வெள்ளைச் சுவரில் ஒரு படம், அதைச் சுற்றி ஆறு அடி வெறுமை என்ற இன்றைய காட்சிக்கூடப் பழக்கம் இங்கே செல்லுபடியாகாது. ஓவியர் ஹரி பீரிஸ் (1904–1988) வாழ்ந்து வரைந்த வீடு இது. இலண்டன் ரோயல் கொலேஜ் ஒஃப் ஆர்ட்டில் படித்து, பாரிஸில் பல ஆண்டுகள் இருந்து, தாகூரின் சாந்திநிகேதனிலும் காலம் கழித்துத் திரும்பியவர். உருவப்படங்கள் வரைவதில் பேர்போனவர். 1974இல் தன் வீட்டையும் சேகரிப்பையும் ஓர் அறக்கட்டளையாக்கினார். அந்தச் சேகரிப்பில் பெரும்பகுதி அவருடைய சொந்தப் படங்கள் அல்ல, நண்பர்களுடையவை. நண்பர்களின் படங்களுக்காகத் தன் சுவர்களைக் கொடுத்துவிட்ட ஓவியர் ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் தொழிலில் அடுத்தவன் படத்தைப் பாராட்டுவதற்கே மனம் ஒருமுறை கணக்குப் பார்க்கும்.

அந்த நண்பர்கள் யாரென்றால், 1943 ஓகஸ்ட்டில் கொழும்பில் கூடிய '43 குழுவினர். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலெற், ரிச்சட் கேப்ரியல், மஞ்சுஸ்ரீ ஆகியோர் அதில் இருந்தார்கள். ஹரி பீரிஸ் அதன் செயலாளர். இவர்களை ஒன்று சேர்த்தவர் லயனல் வென்ட். சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைப்படக்காரர். விக்டோரியாக் காலத்து ஆங்கிலேய ரசனையைப் பிடித்துக்கொண்டிருந்த அன்றைய கலைச் சங்கத்தின் கண்காட்சிகளுக்கு எதிராக எழுந்த குழு என்றுதான் கலை வரலாறு இதைச் சொல்கிறது. அது சரிதான். ஆனால் இந்த அறைகளில் நடக்கும்போது எனக்குப் பட்டது வேறு. இவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் வரையவில்லை. கீற்றின் வளைகோடு ஒரு பக்கம், தரணியகலவின் கனத்துக் கலங்கிய வர்ணப்பூச்சு இன்னொரு பக்கம், கேப்ரியலின் அமைதியான கிராமத்து மனிதர்களும் மாடுகளும் மற்றொரு பக்கம். பாணியால் கூடியவர்கள் அல்லர். ஒருவர் வரைந்ததை மற்றவர் உண்மையாகவே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதால் கூடியவர்கள். வென்ட் 1944 டிசம்பரில் இறந்துபோனார். குழுவுக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. கில்ட்ஃபர்ட் கிரெசென்ட்டில் அவர் வாழ்ந்த இடத்தில்தான், 1953 முதல், நாமெல்லாம் நாடகம் பார்க்கப் போகும் லயனல் வென்ட் அரங்கு நிற்கிறது. அதே காலத்தில் குழுவின் படங்கள் இலண்டனிலும் பாரிஸிலும் காட்சிக்குப் போயின. 1956இல் வெனிஸ் பியென்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் தரணியகலவுக்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது.

இந்த வீட்டைப் பார்த்த பிறகு, "எங்கேயிருந்து தோன்றுகிறது" என்ற கேள்விக்கு என்னிடம் கொச்சையான ஒரு பதில் இருக்கிறது: வாடகை கட்டப்பட்ட அறையிலிருந்து. வென்ட்டுக்குக் குடும்பச் சொத்து இருந்தது. மற்றவர்களைத் தூக்கி நிறுத்த அது உதவியது. தரணியகல நிலவுடைமைக் குடும்பத்தவர். விற்பதற்காக வரைய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஹரி பீரிஸுக்கு இந்த வீடு இருந்தது. தூண்டுதல் வானத்திலிருந்து இறங்குகிறது என்று எழுதுகிறவர்கள், அது இறங்குவதற்கு யாரோ ஒரு முற்றத்தைக் கூட்டி வைத்திருக்க வேண்டும் என்பதை எழுதுவதில்லை. சுவரில் தொங்கும் திறமையை இது குறைத்துவிடாது. வசதி இருந்த எத்தனையோ கொழும்புக் குடும்பங்கள் ஒரு நல்ல கோட்டைக்கூட விட்டுச் செல்லவில்லை என்பதும் உண்மைதான்.

கூட்டி வைத்த முற்றம் என்று எழுதியதும் வெள்ளவத்தைக்காரியான எனக்கு இன்னொரு வீடு நினைவுக்கு வருகிறது. சிலி நாட்டின் தூதரகப் பிரதிநிதியாக 1929இல் கொழும்புக்கு வந்த கவிஞர் பாப்லோ நெரூடா வெள்ளவத்தைக் கடற்கரையோரம்தான் குடியிருந்தார். வென்ட்டின் நண்பரானார், கீற்றின் ஓவியங்களைப் போற்றி எழுதினார். வெள்ளவத்தையின் அந்தத் தனிமை அவருடைய கவிதைகளுக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை உலகம் முழுவதும் எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டின் கழிப்பறைவாளியைச் சுத்தம் செய்ய விடியற்காலையில் வந்துபோன தமிழ்ப் பெண்ணை அவர் பலவந்தப்படுத்தியதும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் அவரேதான், 1974இல் வெளிவந்த தன்வரலாற்றில். அந்தப் பெண் ஒரு சிலைபோல இருந்தாள் என்ற அளவில் அவர் கடந்துபோகிறார். அவளுக்கு அந்தப் பக்கங்களில் பெயர் கிடையாது. கலைஞனின் தனிமையைப் பற்றி யாராவது உருகிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தப் பின்வாசல்தான் தெரிகிறது. சப்புமல் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 1930களின் கொழும்பையும் அதன் ஓவியர்களையும் பற்றி ஒரு தமிழச்சி எழுதும்போது அதை விழுங்கிவிட்டு எழுத முடியாது.

படங்களுக்குத் திரும்புகிறேன். என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவர் ஐவன் பீரிஸ் (1921–1988). திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. 1953இல் இங்கிலாந்துக்குப் போனவர், வாழ்நாளின் மிச்சத்தை அங்கேயே, பெரும்பகுதியைத் தேம்ஸ் முகத்துவாரத்தை அண்டிய சவுத்எண்ட் என்ற கடற்கரை ஊரில் கழித்தார். ஆனால் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தான் வளர்ந்த தெஹிவளைக் கடற்கரையை: தட்டையான மணல், ஒற்றை மரம், அசையாமல் நிற்கும் ஆட்கள், எந்த நேரம் என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். நான் அந்தக் கடற்கரையிலிருந்து தண்டவாளத்தின் வழியே நடந்து போகக்கூடிய தூரத்தில் வசிக்கிறேன். தினமும் பார்க்கிறேன். ஒரு தடவைகூட அந்த வெளிச்சத்தைக் கண்டதில்லை. அது கடலில் இல்லை, முப்பது ஆண்டுத் தூரத்தில் இருக்கிறது என்பது படத்தின் முன்னால் நின்றபோதுதான் விளங்கியது. புதிதாக எதையாவது தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கள் விளம்பர உலகம் சொல்லித்தருகிறது. இந்த மனிதர் ஒரே கரையை வைத்துக்கொண்டு ஒரு வாழ்வை ஓட்டியிருக்கிறார்.

மஞ்சுஸ்ரீயின் கதை இதற்கு நேர்மாறானது, எனக்கு அதைவிடப் பயன்பட்டதும் அதுதான். பிக்குவாக இருந்து துறவாடையைக் களைந்தவர். விகாரைச் சுவரோவியங்கள் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டு, ஊர் ஊராகப் போய் அவற்றைப் பல பத்தாண்டுகள் பிரதி செய்தார். அந்தப் பணிக்காக 1979இல் மக்சைசாய் விருது பெற்றார். பிரதி எடுப்பது கலைஞனுக்கு இழுக்கு என்ற எண்ணத்தோடு வளர்ந்த எனக்கு, அவருடைய சொந்தப் படங்களில் தெரியும் துணிச்சல் முதலில் புரியவில்லை. எவனோ ஒருவன் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இழுத்த கோட்டைக் கை அப்படியே பின்தொடர்ந்து பின்தொடர்ந்து, பிறகு ஒரு நாள் தானாக வளைந்திருக்கிறது. இரண்டாவது தடவை போய்வந்த இரவு, என்னுடைய முடங்கிக் கிடந்த அட்டைகளை ஒதுக்கிவிட்டு, வீட்டில் இருந்த பழைய நாட்காட்டி முருகனைக் கோட்டுக்குக் கோடு பார்த்து வரைந்தேன். அட்டை வந்துவிடவில்லை. கை மட்டும் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அழுத்தம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஓவியர்களுக்கு இருந்த அழுத்தம் பெரும்பாலும் ரசனையின் அழுத்தம். எங்களுக்கு இருப்பது நேரத்தினதும் விலையினதும். நான் வேலை பார்த்த விளம்பர நிறுவனத்தில் ஒரு தீபாவளி விளம்பரத்துக்கு நான் வரைந்த படத்தை, வாடிக்கையாளரின் உறவினர் ஒருவர் விரும்பவில்லை என்பதற்காகப் பதினொரு தடவை மாற்றினோம். பதினொன்றாவது தடவை வெளியானது முதலாவது படமேதான். 2022இல் ரூபாய் சரிந்து டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதைத் தொட்டபோது, நல்ல நீர்வர்ணத் தாள் வாங்குவதை நிறுத்திவிட்டு, வெட்டிக் கழித்த அச்சகத் துண்டுகளில் வரையப் பழகினேன். இப்போது பதிப்பாளர்கள் கணினி உருவாக்கிய ஒரு படத்தை அனுப்பி, "இதைப் போல, ஆனால் கொஞ்சம் கையால் வரைந்ததுபோல" என்று கேட்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒப்புக்கொள்கிறேன். மாதக் கடைசியில் மின்சாரச் சபைக்குக் கோட்பாடு புரியாது.

இவ்வளவையும் பாராட்டிய பிறகும், ஒவ்வொரு தடவையும் இந்த வீட்டை விட்டு வெளியேறும்போது எனக்கு ஓவியர் மாற்கு மாஸ்டரின் நினைவு வருகிறது. குருநகரில் 1933இல் பிறந்து, கொழும்பில் ஓவியம் படித்து, யாழ்ப்பாணம் திரும்பிப் பாடசாலை ஆசிரியராக இருந்து, தன் வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு நவீன ஓவியத்தைக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கும் ஒரு வீடு இருந்தது, அதிலும் சுவர்கள் இருந்தன, கூடிப் பார்க்கும் ஆட்களும் இருந்தார்கள். 1995 ஒக்டோபரின் இறுதியில் போரால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது அவரும் நடந்தார். பல ஆண்டுகள் வரைந்த படங்கள் பல போய்விட்டன. 2000ஆம் ஆண்டில் அவரும் போனார். பார்ன்ஸ் பிளேஸ் ஓட்டுக்கூரை எழுபது, எண்பது ஆண்டுகாலப் படங்களை நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறது என்பதற்காக மனமார நன்றி சொல்லும்போதே, நல்லூரிலோ குருநகரிலோ அப்படி ஒரு கூரை நிலைத்திருந்தால் அங்கே எதைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். வாரம் முழுவதும் திறந்திருக்கும் இடம் அல்ல. நான் போனதெல்லாம் முற்பகலில். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவதுதான் புத்தி. என்னிடம் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை. கோப்பிக் கடையையும் குளிரூட்டியையும் எதிர்பார்ப்பவர்கள் கிரெஸ்கட் கட்டடத்திலுள்ள நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம்; அங்கே விளக்கங்கள் தமிழிலும் உண்டு, அதையும் நான் பரிந்துரைக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். சிறுபிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், படங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கைபேசியைப் பையில் போட்டுவிட்டு ஒரு பென்சிலும் சிறு கொப்பியும் எடுத்துப் போங்கள். ஒரே ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால் போதும், இரண்டு மணித்தியாலம் போவது தெரியாது.

இன்னும் நேரம் இருந்தால், திரும்பும் வழியில் பொரளை கோதமி விகாரைக்குள் நுழையுங்கள். புத்தரின் வாழ்க்கையைக் கீற் 1939–40இல் அதன் சுவர்களில் வரைந்திருக்கிறார். செருப்பைக் கழற்றி வைத்து, கழுத்தை அண்ணாந்து, தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். நான் கடைசியாகப் போனபோது ஓர் ஆச்சி பூத்தட்டை வைத்துவிட்டு, ஓவியத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், அதன் கீழேயே கண்ணை மூடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரிலிருந்த ஒரு பெண்ணின் கையை மட்டும் ஏழு தடவை வரைந்தேன். ஏழாவதை இப்போது வெளிவரவிருக்கும் ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டையில் வைத்திருக்கிறேன். பதிப்பாளர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.