காம்போசிட்டா, ஜிஐசியா? எச்சிலைக் கேட்டுச் சொல்லுங்கள்

பல் சொத்தையை அடைத்ததற்கான ரசீதில் ‘வெள்ளை ஃபில்லிங்’ என்று இருந்தால் அது காம்போசிட்டாகவும் இருக்கலாம், பல் மருத்துவர்கள் ஜிஐசி என்று சுருக்கிச் சொல்லும் கிளாஸ் அயனோமராகவும் இருக்கலாம். இரண்டுமே பல் நிறம்தான். வாய்க்குள் போனபின் குணம் வேறு.

காம்போசிட், நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்த பிசின். அது தானாகப் பல்லில் ஒட்டாது. சொத்தையைச் சுரண்டி எடுத்ததும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலக் கூழைத் தடவி, 15 விநாடி போல விட்டுக் கழுவுவார்கள். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். காற்றடித்துப் பார்த்தால் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறியிருக்கும். 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனக்கோர் காட்டிய வழி இது. அந்தக் குழிகளுக்குள் இறங்கும் பாண்டிங் திரவம்தான் பிடிமானம் தருகிறது. அதன்மேல் காம்போசிட்டை வைத்து நீல விளக்கைக் காட்டினால் இறுகும். இறுகும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஆழமான குழியை ஒரே திணிப்பில் நிரப்பினால் ஓரத்தில் இடைவெளி விடலாம், கூச்சம் வரலாம். அதனால்தான் வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்குக் காட்டுகிறார்கள். ‘இன்னும் எத்தனை தடவைதான்’ என்று நமக்குத் தோன்றும், அவசரப்படுத்தாதீர்கள்.

இத்தனை பாடும் ஒரு சொட்டு எச்சிலில் வீணாகிவிடும். பாண்டிங் போடும் நேரத்தில் ஈரம் பட்டால் ஒட்டு பலவீனமாகும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டும் மருத்துவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜிஐசிக்கு இந்த அடம் குறைவு. பிரிட்டனின் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1972இல் அறிவித்த பொருள் இது. கண்ணாடித் தூளையும் அமிலத் திரவத்தையும் குழைத்து வைத்தால் சில நிமிடத்தில் தானே இறுகும். பல்லின் கால்சியத்தோடு நேரடியாக வேதிப்பிணைப்பு கொள்ளும், ஃபுளோரைடையும் கசியவிடும். ஓர் இடத்தில் அடங்காத குழந்தையின் பால் பல்லுக்கும், அழுத்தித் தேய்த்ததில் ஈறோரம் பள்ளம் விழுந்த பல்லுக்கும் நான் இதைத்தான் கேட்பேன். ஆனால் தேய்மானம் அதிகம், பளபளப்பு குறைவு. முறுக்கு கடிக்கும் கடைவாய்ப்பல்லில் பெரிய குழி என்றால் இதை மட்டும் நம்ப முடியாது. முன்பல்லுக்கோ காம்போசிட்டைத் தவிர வேறெதையும் யோசிக்க மாட்டேன். அங்கே நிறத்தை முதலிலேயே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் திறந்தே இருந்து பல் காய்ந்துவிட்டால் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும்.

ஆழமான குழியில் அடியில் ஜிஐசி, மேலே காம்போசிட் என்று இரண்டையும் சேர்த்து வைக்கும் ‘சாண்ட்விச்’ முறையும் உண்டு.

ஜிஐசி வைத்த பல்லில் ஒரு மணி நேரமாவது எதையும் கடிக்கக் கூடாது. காம்போசிட் விளக்கிலேயே இறுகிவிடுவதால் அந்தக் காத்திருப்பு இல்லை. மரத்துப்போன உதட்டையும் சேர்த்துக் கடித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.