பால்வேர்ல்டா, போக்கிமான் லெஜண்ட்ஸ் இசட்-ஏவா?

உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டில் நிகழ்நேரச் சண்டையைக் கலக்கும்போது, அடிப்பது யார் என்பதுதான் முதல் கேள்வி.

2024 ஜனவரியில் வந்த பால்வேர்ல்டில் நீங்களும் அடிக்கலாம். வில், துப்பாக்கி எல்லாம் உங்கள் கையில். கூட வரும் ‘பால்’ (இந்த விளையாட்டின் உயிரினங்களுக்கு அதுதான் பெயர்) தானாகவே சண்டை போடும். எதிரியின் பலத்தைக் குறைத்துவிட்டு, உயிரினத்தைப் பிடிக்கும் கோளத்தை வீசினால் பிடிபடும் வாய்ப்பு கூடும். உருண்டு தப்பித்து, கடைசி நொடியில் வீசும் அந்தப் பதற்றம் அருமை. ஆனால் நல்ல துப்பாக்கி கிடைத்ததும் ஆசையாய்ப் பிடித்த பால்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன. எனக்கு அது பெரிய குறை.

2025 அக்டோபரில் வந்த இசட்-ஏவில் அடிப்பது உங்கள் போக்கிமான்தான், கட்டளை உங்களுடையது. மாறி மாறி அடிக்கும் பழைய முறை போய், ஒவ்வொரு தாக்குதலுக்கும் காத்திருப்பு நேரம் வந்துவிட்டது. தூரமும் முக்கியம்: சில தாக்குதல்களுக்கு நெருங்கிப் போக வேண்டும், சிலவற்றைத் தள்ளி நின்றே வீசலாம். கட்டளை தராமல் நீங்கள் விலகி ஓடினால் போக்கிமானும் பின்னாலேயே வரும். எதிரியின் அடி வீணாகும். சேர்த்த உயிரினத்தை இப்படி நம்பி ஆடுவதால்தான் என் ஓட்டு இசட்-ஏவுக்கு.

நண்பர்களோடு சேர்ந்து முகாம் கட்டி வாழ ஆசையா? சரி, அப்போது பால்வேர்ல்டையே எடுங்கள்.