கரண்ட் போனால் கோணிக்கொள்ளும் எடிட்டர்: கிராஃபிகலா, டெர்மினலா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. மேசையில் 27 அங்குல மானிட்டர், பக்கத்தில் 14 அங்குல லேப்டாப். நெய்வேலி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் கரண்ட் போகும். போனதும் மானிட்டர் அணைந்துவிடும், பெரிய திரையில் விரிந்திருந்த எடிட்டர் (நிரல் எழுதும் மென்பொருள்) லேப்டாப்பின் சின்னத் திரைக்குள் வந்து விழும். கரண்ட் வந்ததும் திரும்ப அங்கே போகும். இந்தப் போக்குவரத்தில்தான் என் கிராஃபிகல் எடிட்டர், அதாவது பட்டியும் பொத்தானுமாக மவுஸில் இயக்கும் ரகம், கோணிக்கொள்ளும். பக்கப் பட்டி பாதித் திரையை விழுங்கிவிடும். கர்சர் ஓரிடத்தில் மினுக்கும், அடிக்கிற எழுத்து வேறிடத்தில் விழும். மூடித் திறந்தால் சரியாகிவிடும். ஒரே நாளில் நாலு முறை மூடித் திறப்பதென்றால்?

ஆறு மாதத்துக்கு முன் டெர்மினலுக்கு, அதாவது கட்டளை தட்டும் எழுத்துத் திரைக்கு மாறிவிட்டேன். அதில் டிமக்ஸ், வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பிறகு வந்து தொடர உதவும் மென்பொருள்; அதற்குள் விம், கீபோர்டிலேயே இயக்கும் எடிட்டர். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயும். வேகம், மெமரி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: ஜன்னலின் அளவு மாறினால் யார் ஒழுங்காகத் தாங்குகிறார்கள்?

கிராஃபிகல் எடிட்டரில் ஒவ்வொரு பட்டிக்கும் தனி அகலம் நினைவில் இருக்கிறது. மானிட்டரில் 100 சதவீத ஸ்கேலிங் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு), லேப்டாப்பில் 150. ஜன்னல் தாவும்போது எழுத்தளவு, பட்டி, கர்சர் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். ஒன்று பிந்தினாலும் பழைய படம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

டெர்மினலில் கணக்கு இரண்டே எண்கள்: எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை. அளவு மாறினால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, சிக்விஞ்ச் என்று ஒரு சிக்னல் அனுப்பும். விம் புது அளவைக் கேட்டு வாங்கி முழுத் திரையையும் வரைந்துவிடும். குறையே இல்லையா என்றால், உண்டு. பக்கம் பக்கமாக இரண்டு கோப்பு திறந்திருந்தால் ஒன்று கீற்றாக ஒடுங்கிவிடும். கன்ட்ரோல்-டபிள்யூ அடித்துவிட்டு சமக் குறியைத் தட்டினால் இரண்டும் சமமாகும். அளவு மாறியதும் விம்முக்குள் நிகழும் விம்ரீசைஸ்டு என்ற நிகழ்வுக்கு அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தேன், இப்போது அதுவும் தானாகவே நடக்கிறது.

டிமக்ஸ் வேறு விதமாக ஒருமுறை பயமுறுத்தியது. ஆபீஸ் சர்வரில் இருந்த பழைய பதிப்பு அது. பெரிய திரையிலிருந்து செஷனை (விட்டுவைத்த வேலையை) திறந்தால் வேலை ஒரு மூலையில் சுருங்கிக் கிடக்க, மீதி இடமெல்லாம் மார்கழிக் கோலத்துக்கு வைத்த மாதிரி புள்ளிகள். லேப்டாப்பில் இன்னொரு இணைப்பைத் திறந்தபடியே விட்டிருக்கிறேன். இருப்பதில் சிறிய திரையின் அளவுக்கு எல்லாம் சுருங்கிவிட்டது. செஷனோடு மறுபடி இணைக்கும் அட்டாச் கட்டளையோடு '-டி' சேர்த்தால் பழைய இணைப்பு கழன்றுகொள்ளும். 3.1 பதிப்பிலிருந்து கடைசியாகப் பயன்படுத்திய திரையின் அளவையே அது எடுத்துக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை.

மானிட்டருக்கு இன்வெர்ட்டர் போடலாமே என்பீர்கள். அந்த அறைக்கு இன்வெர்ட்டர் லைன் வரவில்லை. கேபிளை மாற்றியும் பார்த்தேன். எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக லேப்டாப்பே 5 வோல்ட் கொடுப்பதால், கரண்ட் இல்லாவிட்டாலும் சில மானிட்டர்கள் இணைப்பில் இருப்பதாகவே காட்டும். என்னுடையதும் அந்த ரகம். எடிட்டர் இடம் மாறவில்லை, சரி. ஆனால் இருட்டுத் திரைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது!

புதுச்சேரியில் இருக்கும் நண்பன் இன்னும் கிராஃபிகல் கட்சி. "மச்சான், 1991-ல வந்த எடிட்டரை வச்சிக்கிட்டு ஜாவா டீபக் பண்ணிடுவியா?" என்று கேட்டான். விம்மைத்தான் சொல்கிறான்; டீபக் என்றால் நிரலில் பிழை தேடித் திருத்துவது. அதில் அவன் சொல்வது நியாயம். பிரேக்பாயிண்ட் வைத்து, அதாவது நிரலை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாக நகர்த்த எனக்கு இன்றும் கிராஃபிகல்தான் வசதி. இத்தனையும் லினக்ஸில் திரையை வரையும் பழைய முறையான எக்ஸ்11-இல் பட்ட பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரைக்குத் திரை தனி ஸ்கேலிங் வைப்பதில் அதற்குப் பின் வந்த வேலண்ட் மேல். அதில் நான் ஒரு வாரம்தான் ஓட்டினேன், கோணல் குறைந்த மாதிரி இருந்தது. அந்த வாரம் கரண்ட் போனது ஒரே ஒரு முறை என்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பழைய எடிட்டரை நீக்கவில்லை, டீபக் பண்ண மட்டும் திறக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் நம்ம ஏரியா பெயர் வந்திருக்கிற அன்றைக்கு அதைத் தொடுவதில்லை.