கையால் எக்ஸ்எம்எல் திருத்துவதை நிறுத்த வைத்த கருவி: வைல்ட்ஃபிளையின் ஜேபாஸ் சிஎல்ஐ

ஒரு ராத்திரி, ஜாவா செயலிகளை ஓடவிடும் சர்வரான வைல்ட்ஃபிளை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் அமைப்புகள் இருக்கும் ஸ்டாண்ட்அலோன் எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து டேட்டாபேஸ் முகவரியை மாற்றிச் சேமித்தேன். ரீஸ்டார்ட்டைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். இடையில் கூட வேலை பார்ப்பவர் நிர்வாகத் திரையில் வேறு எதையோ மாற்றியிருக்கிறார். சர்வர் தன் நினைவில் வைத்திருந்ததை அப்படியே ஃபைலில் எழுதிவிட்டது. என் மாற்றம் காணாமல் போனது. அன்றிலிருந்து, வைல்ட்ஃபிளையோடு வரும் கட்டளைவரிக் கருவியான ஜேபாஸ் சிஎல்ஐ இல்லாமல் நான் எந்த அமைப்பையும் தொடுவதில்லை.

சர்வர் இருக்கும் அதே மெஷினில் என்றால் பாஸ்வேர்டு கேட்காமல் 9990 போர்ட்டில் இணைந்துகொள்ளும். அப்புறம் ஃபோல்டருக்குள் இறங்குவது போலத்தான்: உள்ளே போகச் சிடி, இருப்பதைப் பட்டியலிட எல்எஸ் இரண்டும் வேலை செய்யும், டேப் தட்டினால் அடுத்து என்னென்ன போடலாம் என்று காட்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது ரீட்-ரிசோர்ஸ்-டிஸ்க்ரிப்ஷன். ஓர் அமைப்பு எதற்கு, எண்ணா எழுத்தா, டிஃபால்ட் என்ன, மாற்றினால் ரீஸ்டார்ட் வேண்டுமா என்று அதுவே சொல்லிவிடும். டேட்டாசோர்ஸ் பூலின் (டேட்டாபேஸுக்குத் தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின்) உச்ச அளவு டிஃபால்ட்டாக 20 என்பதை நான் அதில்தான் பார்த்துக்கொண்டேன்.

மாற்றும்போதும் ஒளிவுமறைவு கிடையாது. லாக் அளவை (சர்வர் எவ்வளவு விவரம் பதிய வேண்டும் என்பதை) டீபக்குக்கு ஏற்றினால் அந்த நொடியே பலன் தெரியும்; பிழையைப் பிடித்ததும் இறக்கிவிடலாம், பயனர் யாருக்கும் தடங்கல் இல்லை. ஹெச்டிடிபி போர்ட்டை மாற்றினாலோ, பதிலிலேயே 'ரீலோட்-ரிக்வயர்ட்' (ரீலோட் செய்தால்தான் பலிக்கும்) என்று வந்து நிற்கும். ஃபைலைத் திருத்திய காலத்தில் இதை எனக்குச் சொல்ல ஆளில்லை.

ஒன்றையொன்று சார்ந்த ஐந்தாறு மாற்றங்கள் என்றால் பேட்ச்சில், அதாவது ஒரே தொகுப்பாக, போடுங்கள். நடுவில் ஒன்று தவறினாலும் மொத்தமும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தொடங்கும் முன், அப்போதைய அமைப்பின் நகலை எடுத்துவைக்கும் டேக்-ஸ்னாப்ஷாட் அடித்துவிட்டால் இன்னும் நிம்மதி.

குறையும் உண்டு. கட்டளை நீளம்; சாய்கோடு, முக்காற்புள்ளி, அடைப்புக்குறி மூன்றும் அததன் இடத்தில் இருந்தாக வேண்டும். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் இதில்தான் திணறுகிறார்கள். பதில் ஜேசன் என்ற தரவு வடிவம் போலத் தெரிந்தாலும் ஜேசன் அல்ல, வேறு ஸ்கிரிப்டுக்கு நேராகக் கொடுக்க முடியாது. ஜேசனாக வாங்கத் தனி ஆப்ஷன் சேர்க்க வேண்டும். மதிப்பு சூழல் மாறியிலிருந்து (என்விரான்மென்ட் வேரியபிள்) வருகிறது என்றால், சும்மா படித்தால் அந்த மாறியின் பெயர்தான் வரும், உண்மையான மதிப்பு வராது. இதில் நான் ஒரு முழு மதியத்தை இழந்திருக்கிறேன்.

வேகமும் சுமார்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக ஒரு ஜாவா புராசஸ் எழும்ப வேண்டும். ஷெல் லூப்பில் நாற்பது முறை கூப்பிட்டால் காத்துக்கிடக்க வேண்டியதுதான். கட்டளைகளை ஒரே ஃபைலில் எழுதி ஒரே தடவையில் ஓடவிடுங்கள். ஃபைல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியில் அந்த ஃபைலைப் போட்டுவைத்தால், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் அங்கேயே இருக்கும்.